நாலு மணிக்குச் சொல்லும் பதில்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி நின்ற கால் நின்றபடி சௌக்கியம். வேலையே நிற்பதுதான் என்பதால் இதைப் பெருமையாகவும் எடுத்துக்கொள்ளலாம், புலம்பலாகவும் எடுத்துக்கொள்ளலாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாமா லாரியை விட்டு இறங்கினாரா, இல்லை அதிலேயே குடியிருக்கிறாரா? அப்பா எப்படி இருக்கிறார்?

போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், ஒன்றும் மனசு விட்டுப் பேச முடியவில்லை, கடிதம் போடு என்று சொன்னாய். நான் பேனா பிடித்து எத்தனை காலம் ஆயிற்று. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் கையெழுத்துப் போடுவதோடு சரி. எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

என்னை இடம் மாற்றிவிட்டார்கள். துணிக்கடை வாசலில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கும்பிடு போட்டதற்குப் பரிசு இது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இனிமே உனக்கு முதியோர் இல்லம்" என்றார். "எனக்கு இன்னும் அம்பதே ஆகலையே சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததுமில்லை.

இங்கே வேலை தலைகீழ். இத்தனை காலம் உள்ளே விடக் கூடாதவர்களை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டேன். இங்கே வெளியே விடக் கூடாதவர்களை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. ஆளுக்கொரு காரியமாகக் கிளம்பி கேட்டுக்கு வருவார்கள். கூடாது என்றால் கத்துவார்கள். பூட்டைக் காட்டினால் அழுவார்கள். அதனால் எனக்கு முன்னால் இருந்த காவலாளிகள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பதில். ரயில் ஓட்டிய பெரியவர் ஒருவர் பையும் கையுமாக வருவார். அவருக்குப் பதில், "வண்டி லேட்டுங்க, வந்ததும் கூப்பிடறேன்." டீச்சரம்மா ஒருவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வருவார். அவருக்கு, "இன்னிக்கு லீவுங்க டீச்சர்." அவ்வளவுதான், திரும்பிப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வருவார்கள், அது வேறு கதை.

ஷிப்ட் மாறும்போது சாவியோடு சேர்த்து இந்தப் பதில்களையும் அடுத்த ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே பதில்தான். ஆளுக்கு ஆள் மாற்றிச் சொன்னால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்களே, அதுபோல நானும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். நாள் முழுக்கப் பொய் சொல்லிவிட்டு அறைக்கு வந்து படுத்தால் கால்தான் வலிக்கிறது, நாக்கு வலிப்பதில்லை.

அறை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் இன்னொருவன் வந்து அதே சூட்டில் படுக்கிறான். எனக்கு ஜன்னல் பக்கம் கிடைத்திருக்கிறது.

அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். பதில் போடு.

உன் தம்பி

*

ஜனவரி 29

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடிதம் கிடைத்தது. கோழி கிளறினாலும் இன்னும் கொஞ்சம் அழகாகக் கிளறும். இங்கே நானும் அப்பாவும் அப்படியே இருக்கிறோம். மாமா வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போனார். உன் முட்டிக்குத் தைலம் தடவுகிறாயா? யாரும் பார்க்காதபோது கொஞ்சம் உட்கார். நீ உட்கார்ந்துவிட்டால் கேட் ஓடிப்போய்விடாது.

ரயில்காரர் சமாசாரம் படித்துச் சிரித்துவிட்டேன். அப்பா எட்டிப் பார்த்து, "என்னம்மா சிரிப்பு?" என்றார். "தம்பி லெட்டர் போட்டிருக்கான்ப்பா." அதற்கு, "அவன் எப்ப எழுதக் கத்துக்கிட்டான்?" என்றார். நல்லவேளை, உன் எழுத்தை அவருக்குக் காட்டவில்லை.

அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார். சில நாள் சாப்பிட்டதை மறந்து இன்னொரு தரமும் சாப்பிடுகிறார். கெட்டதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைக்கிற வேலை வந்திருக்கிறது. நேர்த்தையல்தான், மூளைக்கு வேலை கிடையாது. மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் அப்பா பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அதற்காகவே சில நேரம் துணி இல்லாமலும் ஓட்டுகிறேன்.

சும்மா கேட்கிறேன். அங்கே குளிக்க வெந்நீர் கொடுக்கிறார்களா? நகம் வெட்டிவிட ஆள் உண்டா? ராத்திரி யாராவது எழுந்து உட்கார்ந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? நீ எந்த மாதிரி இடத்தில் வேலை பார்க்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் தடவுகிறேன். அறையில் இருக்கிற மற்றவர்கள் அந்த நாற்றத்துக்கு என் பக்கமே வருவதில்லை, அது இன்னொரு சௌகரியம். நீயும் மிஷினிலேயே குனிந்து கிடக்காதே. கழுத்து போய்விடும்.

நீ கேட்டதையெல்லாம் உள்ளே போய் விசாரித்தேன். வெந்நீர் உண்டு. நகம் வெட்ட ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவை வருகிறார். அவர் தலை தெரிந்ததும் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கையைக் கட்டி ஒளித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ராத்திரிக்கு நர்ஸம்மாவும் இரண்டு ஆயாக்களும் இருக்கிறார்கள். இவ்வளவு விசாரிக்கிறாயே, நீயும் ஒரு இல்லம் ஆரம்பிக்கப் போகிறாயா?

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. எனக்கு வார லீவு. என் இடத்தில் புதுசாக ஒருவனைப் போட்டார்கள். பதில்களையெல்லாம் அவனுக்கு ஒப்பித்துவிட்டுத்தான் வந்தேன். ஆசாமி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, ஆளை மாற்றிவிட்டான். டீச்சரம்மாவிடம் போய், "வண்டி லேட்டுங்க" என்றிருக்கிறான். "எனக்கும் வண்டிக்கும் என்னடா சம்பந்தம்? ஏறி நில்லு பெஞ்சு மேல" என்று அந்த அம்மா அதட்டியதில் இவன் ஸ்டூலில் ஏறி நின்றுவிட்டான். பத்தாததற்கு ரயில்காரரிடம், "இன்னிக்கு லீவுங்க." அவர் விட்டாரே பார்க்கலாம். "ரயிலுக்கு எவன்யா லீவு விட்டது? ஜனங்க எல்லாம் நடந்து போவாங்களா?" அன்று முழுக்க இல்லமே இரண்டுபட்டுக் கிடந்ததாம். மறுநாள் நான் வந்து அவரவர் பதிலை அவரவருக்குக் கொடுத்த பிறகுதான் எல்லாம் அடங்கியது.

பார்க்க வருகிறவர்களிலும் பல தினுசு. ஒருவர் கார் எடுத்துக்கொண்டு வருவார். எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருப்பார். பிறகு இறங்கி வந்து என்னிடம், "அம்மா எப்படி இருக்காங்க?" என்பார். "நல்லா இருக்காங்க சார்." சில நாள் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே போய்விடுவார். கேட்டுக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் பதில் வைத்திருக்கிறோம் என்று நினைக்காதே.

அப்பாவுக்குச் செருப்பு தேய்ந்து புதுசு வாங்கினாயாமே. மாமா போனில் சொன்னார். வீட்டுக்குள் இருக்கிற மனுஷனுக்குச் செருப்பு எப்படித் தேயும்? எங்கே போகிறார்?

உன் தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் சுகம். பேனா சரியில்லை, எழுத்து ஒரு பக்கமாக இழுக்கும். இனிமேல் உன் எழுத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் இல்லை.

அப்பா சாயங்காலத்தில் கொஞ்சம் வெளியே போகிறார். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்தால் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறார். இப்போதெல்லாம் நான் உள்ளே தாழ் போட்டுவிடுகிறேன். கவலைப்படாதே.

அந்த டீச்சரம்மாவிடம் லீவு என்று சொல்கிறாயே, அவர் நிஜமாகவே நம்பிவிடுகிறாரா? திரும்பிப் போகும்போது முகம் எப்படி இருக்கும்? அங்கே கொண்டுவந்து விடுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்? பார்த்தால் நல்ல மனுஷர்கள் மாதிரி இருப்பார்களா?

கை வலிக்கிறது. இவ்வளவுதான் எழுத முடியும்.

அக்கா

*

மார்ச் 28

அக்கா,

நான் நலம். நீ நலமா என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். பிறகு வெந்நீர், நகம், ராத்திரி யார் இருப்பார்கள் என்று நீ கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எனக்குப் புத்தி எப்போதும் பஸ் போன பிறகுதான் வரும். நான் பாட்டுக்கு இடம் ஜோராக இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

வேண்டாம் அக்கா.

உனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி எழுதினேனே, மற்றதையும் எழுதுகிறேன். இங்கே வந்த முதல் வாரத்தில் அழாதவர்கள் கிடையாது. கொண்டுவந்து விடுகிறவர்கள் நல்லவர்களா என்று கேட்டாய். நல்லவர்கள்தான். நல்ல சட்டை போட்டு, தலை வாரிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்கள். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்ததும், "இருங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வருவார்கள். நான்தான் கேட்டைத் திறந்து விடுவேன், நான்தான் மூடுவேன். அப்புறம் இருட்டுகிற வரைக்கும் அந்த ஆள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "டீக்கடை ரொம்பத் தூரமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அந்த நேரத்தில் இந்தச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று இருக்கும்.

யார் யாருக்கோ பொய் சொல்கிறேன். எல்லாம் அடுத்தவர்களைப் பெற்றவர்கள் என்பதால் முடிகிறது. அப்பாவுக்குச் சொல்ல என்னால் ஆகாது. உனக்கு அலுத்துவிட்டது என்றால் சொல், வேலையை விட்டுவிட்டு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அப்பாவை மட்டும் இந்தக் கேட்டுக்குக் கொண்டுவராதே.

தம்பி

*

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? என் கடிதம் கிடைத்ததா? ஒரு வார்த்தையும் காணோம். போன் பண்ணினேன். மாமா எடுத்து, "அவ தூங்கறா" என்றார். பகல் பதினொரு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை. மாமாவுக்குப் பொய் சொல்ல வராது, எங்கள் கம்பெனியில் சேர்ந்தால் ஒரு நாள் தாங்கமாட்டார்.

அலுத்துவிட்டது என்ற வார்த்தையை நான் எழுதியிருக்கக் கூடாது. தப்புதான். நான் இங்கே நிற்கிறதைப் பெரிசாகச் சொல்கிறேன், நீ அங்கே உட்காரக்கூட முடியாமல் இருக்கிறாய் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

இங்கே வெயில் ஏறிவிட்டது. சில நாள் பதில் சொல்லவும் வாய் வருவதில்லை. ரயில்காரர் வந்து வண்டி வந்துவிட்டதா என்று கேட்பார். நானும் ஒன்றும் சொல்லாமல் அவரோடு சேர்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படி நின்றால் அவர் சீக்கிரம் உள்ளே போய்விடுகிறார். ஏன் என்று தெரியவில்லை.

திட்டியாவது ஒரு கடிதம் போடு.

உன் தம்பி

*

மே 9

தம்பிக்கு,

நான் சுகமாக இல்லை. இதுவரை இருப்பதாக எழுதியதெல்லாம் உனக்குச் சொன்ன பதில்.

என் வலது மணிக்கட்டு உடைந்துபோயிற்று. மார்ச் மாதம் வந்த கடிதம் இடது கையால் எழுதியது. இதுவும் அப்படித்தான், இப்போது பழகிவிட்டது. பேனா நன்றாகத்தான் இருந்தது. கை உடைந்த அன்று அப்பா வெளியே கிளம்பினார். நான் கதவை மறைத்து நின்றேன். "பையன் தனியா நிப்பான், விடும்மா" என்றார். விடவில்லை. தள்ளினார். வாசற்படியில் விழுந்தேன். வெளியே போனவர் திரும்பி வந்து, "பாத்து வரக் கூடாதாம்மா? நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தூக்கிவிட்டார். வலியைவிட அதுதான் என்னை உடைத்தது.

எங்கே போகிறார் என்று நீ கேட்டாய். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே பெட்டியோடு வந்து நிற்பாய். அவர் உன்னைக் கூட்டிக்கொண்டுவரப் போகிறார். மில்லில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு உன் பள்ளிக்கூடத்துக்கு வருவாரே, அதேதான். இப்போது தினமும் நாலு மணியானால் செருப்பை மாட்டிக்கொண்டு, கண்ணில் படுகிற பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிறார். வெளியே வருகிற ஒவ்வொரு பையன் முகத்தையும் உற்றுப் பார்க்கிறார். பிள்ளைகள் பயப்படுகிறார்கள், பெற்றவர்கள் சத்தம் போடுகிறார்கள். ஒரு நாள் அங்கே இருக்கிற காவலாளி சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியிருக்கிறான். ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். பொத்தான் இரண்டு பிய்ந்திருந்தது. அந்தக் காவலாளியையும் நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளைக் காப்பாற்றுவது அவன் வேலை. அவனுக்கு என்ன தெரியும்.

நீ வேலையை விட்டுவிட்டு வந்து என்ன செய்வாய்? நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நீயே எதிரில் நின்றாலும் உன்னைத் தேடிக்கொண்டு வெளியே போவார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று உனக்கு எழுத நினைத்தேன். ஏப்ரல் முழுக்க அந்த ஒரு வரியோடு கடிதம் கிடந்தது. அனுப்பவில்லை.

அதற்குப் பதில் நானே கிளம்பி வந்தேன். மாமா வந்திருந்த சமயம் அப்பாவை அவரிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்து, உன் கேட்டுக்கு எதிரில் இருக்கிற பஸ் ஸ்டாப்பில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். நீ பார்க்கவில்லை. கிட்டே வந்தால் உன் முகத்தைப் பார்த்து மனசு மாறிவிடுவேன் என்று வரவில்லை. பையோடு ஒரு பெரியவர் வந்தார். அவர்தான் ரயில்காரராக இருக்க வேண்டும். நீ உன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாய். நீ நின்றுகொண்டாய். அவர் தோளில் கை வைத்திருந்தாய். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் அவர் எழுந்து, உன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா கை வலி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

தம்பி, எங்கே இருந்தாலும் அப்பா நாலு மணிக்குக் கிளம்பத்தான் போகிறார். யாரோ ஒருவன் அவரைத் தடுக்கத்தான் வேண்டும். அந்த ஒருவன் நீயாக இருக்கட்டும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமாவும் நானும் எல்லாம் யோசித்துவிட்டோம், இல்லத்துக்குக் கட்டுகிற பணத்தைச் சமாளித்துக்கொள்வோம்.

வேண்டாம் என்று நீ எழுதினால் கூட்டிவரமாட்டேன்.

அக்கா

*

மே 20

அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? கட்டை எப்போது அவிழ்ப்பார்கள்? கனமாக ஒன்றும் தூக்காதே.

உன் கடிதத்துக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. நாலைந்து தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடக் காவலாளி மேலும் வரவில்லை. நானும் துணிக்கடையில் இருந்தபோது எத்தனையோ பேரைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன்.

கூட்டிக்கொண்டு வா. கீழ்த்தளத்தில் ஜன்னலோரம் ஒரு கட்டில் காலியாகிறது, நர்ஸம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவருடைய சொந்தத் தலையணையைக் கொண்டு வா, புதுசு வேண்டாம். பொத்தான் வைத்த சட்டைகளாகப் போடு, தலை வழியாக மாட்டுவது இங்கே யாருக்கும் ஒத்துவருவதில்லை. நீ வருகிற நாளில் எனக்குப் பகல் டூட்டி இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி

*

ஜூன் 12

தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். கட்டு அவிழ்த்துவிட்டார்கள், விரல் இன்னும் மடங்கவில்லை. உன் முகம் இளைத்திருந்தது, சரியாகச் சாப்பிடு.

வீடு ஓவென்று கிடக்கிறது. இத்தனை மாதமும் ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று ஏங்கினேன். இப்போது தூங்க யாரும் தடையில்லை, தூக்கம் வரவில்லை. சாயங்காலமானால் கை தானாகப் போய் உள்தாழைப் போடுகிறது. போட்டுவிட்டு நானே அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து வீட்டில், "அப்பா எங்கேக்கா?" என்று கேட்டார்கள். "தம்பிகிட்ட இருக்காரு" என்றேன். பொய் இல்லையே.

நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. நீ எழுதியிருந்தது மனசில் இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, "நான் போயிட்டு வரேன்ப்பா" என்று நேராகவே சொன்னேன். "சரிம்மா, இருட்டறதுக்குள்ள போய்ச் சேருங்க" என்றார். வாங்க போங்க என்று அப்பா என்னை இதுவரை பேசியதே இல்லை.

என்னைக் கேட்டாரா? ஒரு தடவையாவது கேட்டாரா? எனக்கும் ஒரு பதில் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். அதை எழுதாதே. நடந்ததை மட்டும் எழுது. இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலம். இது நிஜம், நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் விரல் மடங்குகிறதா? மிஷினில் உட்கார அவசரப்படாதே.

நடந்ததைக் கேட்டாய். சொல்கிறேன்.

நீ போன அன்றைக்கே நாலு மணிக்கு வந்துவிட்டார். செருப்பு மாட்டி, சட்டைக் கையை இறக்கிவிட்டு, "செக்யூரிட்டி சார், கதவைக் கொஞ்சம் திறங்க, பையனைக் கூப்பிடப் போகணும்" என்றார். அப்பா என்னை சார் என்கிறார். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அப்பா, நான்தாம்ப்பா அது" என்றேன். முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். சிரித்தார். "விளையாடாதீங்க சார். அவனுக்கு இப்பத்தான் முன்னாடி ரெண்டு பல்லு விழுந்திருக்கு." இன்னொரு தடவை சொன்னேன். கோபம் வந்துவிட்டது, என்னைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார். அதோடு நான் யாரென்று சொல்வதை நிறுத்திவிட்டேன்.

லீவு என்று சொல்லிப் பார்த்தோம். "லீவுன்னா காலைல பையைத் தூக்கிட்டு எங்க போனான்?" என்கிறார். ஸ்பெஷல் கிளாஸ் என்றோம். "ரெண்டாங் கிளாஸ்ல என்னய்யா ஸ்பெஷலு?" என்கிறார். ஞாபகம் போனதே தவிர வாய் போகவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள், இப்படி ஒரு ஆளை இவர்கள் பார்த்ததே இல்லையாம். பையன் வளர்ந்துவிட்டான், அவனே வந்துவிடுவான் என்று ஒருவன் சொல்லிவிட்டான். அன்று அப்பா கேட்டைப் பிடித்து உலுக்கி அழுதார். "தெரு தாண்டத் தெரியாதுய்யா அவனுக்கு." நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நர்ஸம்மா வந்து கூட்டிப்போனார். இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் கடிதம் போடவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று சூப்பர்வைசரிடமும் சொல்லிவிட்டேன்.

அதற்கு மறுநாளும் வந்தார். எனக்கு யோசிக்கத் தெம்பில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "உங்க பையனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சுங்க."

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"அவங்க அக்கா."

கேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பெரியவளா?"

"ஆமாங்க."

"கையைப் பிடிச்சுத்தானே கூட்டிட்டு வந்தா?"

"கையைப் பிடிச்சுத்தாங்க."

"அப்ப சரி" என்றார். திரும்பி நடந்து உள்ளே போனார். அன்று மறுபடி வரவில்லை. நன்றாகச் சாப்பிட்டார் என்று ஆயா சொன்னார்.

இப்போது அதுதான் பதில். ஷிப்ட் மாறும்போது எல்லோருக்கும் ஒப்படைத்துவிட்டேன். என் வார லீவு அன்று வருகிற புதுப்பையன்கூட அதை மட்டும் மாற்றாமல் சொல்கிறான். தினமும் கேட்கிறார், தினமும் அதையே சொல்கிறோம், தினமும் அப்ப சரி என்கிறார். சூப்பர்வைசரிடம் போய் வேலையை விடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னைக் கேட்டாரா என்றாய். கேட்கவில்லை அக்கா. உன்னைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. கவலையாக இருப்பதை உன் கையில் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் போதும், போய்ப் படுத்துவிடுகிறார்.

நடந்ததை மட்டும் எழுது என்றாய். இங்கே நாங்கள் சொல்கிற பதில்களில் நடந்தது இது ஒன்றுதான். அம்மா இறந்த வருஷம், அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட் இருந்த வாரமெல்லாம் என்னைக் கூட்டிப்போக நீதான் வந்தாய். உன் கடைசிப் பீரியடை விட்டுவிட்டு, எனக்கு மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் நிற்பாய். தெரு தாண்டுகிறபோது நீ பிடிக்கிற பிடியில் எனக்குக் கை வலிக்கும்.

உன் தம்பி